30 விழுக்காடு வானொலி ஒதுக்கீடும் கனடிய ராக் இசையும்: தயாரிப்பாளர்களுக்குக் கிடைத்தது என்ன?

செவிவழி எழுதியது:

கனடிய ராக் இசையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், 1971 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வானொலி ஒதுக்கீடுதான் அதை வளர்த்தெடுத்தது என்று சொல்லப்படுகிறது. ஏ.எம். நிலையங்கள் ஒலிபரப்பும் பாடல்களில் குறைந்தது 30 விழுக்காடு கனடியப் பாடல்களாக இருக்க வேண்டும் என்று சி.ஆர்.டி.சி. எனப்படும் ஒலிபரப்பு ஆணையம் அப்போது கட்டாயமாக்கியது. ஆனால் வினிப்பெக் நகரத்துக் குழுவான 'தி கெஸ் ஹூ'வின் 'அமெரிக்கன் வுமன்' அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது 1970 மே மாதத்தில், அதாவது அந்த விதி வருவதற்கு முன்பே. மறுபுறம், பாப் எஸ்ரின், டேனியல் லான்வா, பாப் ராக் போன்ற கனடியத் தயாரிப்பாளர்கள் உலகப் புகழ் பெற்றதோ பிங்க் ஃபிளாய்ட், யூ2, மெட்டாலிகா என்று பிற நாட்டுக் குழுக்களின் இசைத்தட்டுகளால்தான். அப்படியானால் இந்த ஒதுக்கீட்டால் யாருக்குத்தான் பயன் கிடைத்தது? தயாரிப்பாளர்களின் வளர்ச்சிக்கும் வானொலி விதிக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

இசைத்தட்டுப்பெட்டி எழுதியது:

விதிக்கு முந்தைய நிலைமையை அறிந்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை சொல்ல முடியும். அக்காலத்தில் கனடிய நிலையங்கள் அமெரிக்காவில் ஏற்கெனவே வெற்றி பெற்ற பாடல்களையே நம்பின. உள்ளூர்க் குழுவின் பாடல் என்றால் கேட்டுப் பார்க்கக்கூடத் தயங்கின. இதே வினிப்பெக் குழு 1965-இல் 'ஷேக்கின் ஆல் ஓவர்' பாடலை வெளியிட்டபோது, குவாலிட்டி நிறுவனம் குழுவின் பெயரை மறைத்து, 'யாரென்று கண்டுபிடியுங்கள்' என்னும் பொருளில் 'கெஸ் ஹூ?' என்று மட்டும் தட்டில் அச்சிட்டு வானொலிகளுக்கு அனுப்பியது. பிரிட்டிஷ் குழுவாக இருக்குமோ என்று எண்ணி நிலையங்கள் அதை ஒலிபரப்பின. அந்தத் தந்திரமே பின்னர் குழுவின் பெயராக நிலைத்துவிட்டது.

ஆகவே 'அமெரிக்கன் வுமன்' விதியின் துணையின்றி வென்றது உண்மையே. ஆனால் அது வென்ற வழி எல்லோருக்கும் வாய்க்கக்கூடியதன்று. தயாரிப்பாளர் ஜாக் ரிச்சர்ட்சன் விளம்பரத் துறையில் கோகோ கோலாவின் விளம்பரப் பொறுப்பைக் கவனித்தவர். 1968-இல் அந்நிறுவனத்துக்காக இந்தக் குழுவையும் ஒட்டாவாவின் 'ஸ்டக்காட்டோஸ்' குழுவையும் ஒரே இசைத்தட்டில் சேர்த்து வெளியிட்டார். பத்துப் புட்டிமூடிகளின் உள்தகடுகளையும் ஒரு டாலரையும் அஞ்சலில் அனுப்பினால்தான் அது கிடைக்கும். கடையில் விற்கப்படாததால் விற்பனைப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. பின்னர் தம் வீட்டை அடமானம் வைத்து, குழுவை நியூயார்க்கிற்கு அழைத்துச் சென்று 'வீட்ஃபீல்டு சோல்' தட்டைப் பதிவுசெய்தார். ஒரு நாட்டின் இசைத்தொழில் தயாரிப்பாளர்களின் வீட்டுப் பத்திரங்களை நம்பி எத்தனை நாள் நடக்கும்?

ஸ்காபரோவாசி எழுதியது:

நண்பர் சொன்னதோடு வின்சர் நகரத்தின் சி.கே.எல்.டபிள்யூ. நிலையத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில் டெட்ராய்ட். 50,000 வாட் ஆற்றலுடன் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றுக்குள் அதன் ஒலி எட்டியது. தொலைபேசி இணைப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்து, 1968-இல் இசைப் பொறுப்பாளராக உயர்ந்த ரோசலி டிராம்ப்ளிதான் அங்கே எந்தப் பாடல் ஒலிக்க வேண்டும் என்று முடிவுசெய்தவர். 'வீட்ஃபீல்டு சோல்' தட்டிலிருந்த 'தீஸ் ஐஸ்' பாடலை அவர் விடாமல் முன்னிறுத்தியதும், 1969-இல் அது அமெரிக்காவின் முதல் பத்துக்குள் நுழைந்தது.

விதி வந்த பிறகு அந்த நிலையத்துக்கு நெருக்கடி கூடியது. அதன் நேயர்களில் பெரும்பகுதியினர் அமெரிக்கர்கள். எதிர்க்கரைப் போட்டியாளர்களுக்கு எந்த ஒதுக்கீடும் இல்லை. ஆனாலும் 30 விழுக்காட்டை நிரப்பியாக வேண்டியிருந்ததால், அமெரிக்கச் செவிக்கும் பிடிக்கக்கூடிய கனடியப் பாடல்களை டிராம்ப்ளி தேடித் தேடி எடுத்தார். தரமான ஒலிப்பதிவுக்கு இதனால் ஒரு தேவை பிறந்தது என்பதே என் கருத்து.

எல்லா நிலையங்களும் இவ்வளவு அக்கறை காட்டின என்று எண்ணிவிட வேண்டாம். கேட்பவர் குறைந்த நள்ளிரவிலும் அதிகாலையிலும் கனடியப் பாடல்களைக் கொட்டிக் கணக்கை முடித்துக்கொண்ட நிலையங்கள் உண்டு. கனடாவின் சின்னமான பீவர் என்னும் விலங்கின் பெயரால் 'பீவர் நேரம்' என்று அதைக் கேலியாகச் சொல்வார்கள். இன்னொரு குறை இன்றும் தீரவில்லை. ஒதுக்கீடு 1999-இல் 35 விழுக்காடாக உயர்ந்த பின்னும், ரொறன்ரோவில் வண்டி ஓட்டிக்கொண்டு ராக் நிலையம் கேட்பவருக்குப் புதிய குழுவின் பாடலைவிட, நாற்பது ஆண்டுப் பழைய அதே சில பாடல்களே திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன.

நான்கு கட்டம் எழுதியது:

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். எது கனடியப் பாடல் என்பதை முடிவுசெய்ய கனடிய இசைத்துறையைச் சேர்ந்த ஸ்டான் க்ளீஸ் வகுத்த முறையில் நான்கு கூறுகள் இருந்தன: இசையமைப்பு, பாடும் கலைஞர், பதிவு நிகழ்ந்த இடம், பாடல்வரி. இவற்றுள் இரண்டு கனடாவைச் சேர்ந்தவையாக இருந்தால் போதும். 'அமெரிக்கன் வுமன்' சிகாகோவில் பதிவானது. ஆனால் மற்ற மூன்றும் கனடியக் கூறுகள் என்பதால் அது தகுதி பெறும். தயாரிப்பாளர் எந்த நாட்டவர் என்ற கேள்வியே இந்த நான்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதன் விளைவு விசித்திரமானது. அமெரிக்கக் குழுவான பான் ஜோவியின் 'ஸ்லிப்பரி வென் வெட்' இசைத்தட்டு 1986-இல் வான்கூவரின் லிட்டில் மவுண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில், கனடியரான புரூஸ் ஃபேர்பேர்ன் தயாரிப்பில், பாப் ராக்கின் ஒலிப்பொறியியலில் உருவானது. பதிவான இடம் என்னும் ஒரே கூறுதான் பொருந்தியதால் அது கனடிய இசை ஆகவில்லை. அதற்கு நேர்மாறாக, வான்கூவரில் வாழ்ந்த கனடியப் பாடகர் பிரையன் ஆடம்ஸ் 1991-இல் வெளியிட்ட 'வேக்கிங் அப் த நெய்பர்ஸ்' தட்டின் பாடல்களும் கனடியப் பாடல்களாக ஏற்கப்படவில்லை. வெளிநாட்டுத் தயாரிப்பாளரான மட் லாங்குடன் சேர்ந்து அவற்றை எழுதியதால், இசையும் வரியும் முழுக்கக் கனடியருடையவை அல்ல என்று கணக்கிடப்பட்டது. ஆடம்ஸ் வெளிப்படையாகக் கோபப்பட்டார். கூட்டாக எழுதிய பாடலில் கனடியரின் பங்கு பாதியாவது இருந்தால் ஏற்கலாம் என்று 1993-இல் விதி தளர்த்தப்பட்டது. அந்தத் திருத்தமும் எழுதுபவருக்குத்தான். தயாரிப்பாளரைப் பற்றி அதிலும் பேச்சில்லை.

செவிவழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அப்படியென்றால் தயாரிப்பாளர்கள் இந்த விதியால் எதுவும் பெறவில்லை என்று முடிவுசெய்யலாமா? கனடிய ராக் குழுவான ரஷ்ஷையும் அமெரிக்க வானொலிதானே தூக்கிவிட்டது?

இசைத்தட்டுப்பெட்டி எழுதியது:

ரஷ் பற்றி நீங்கள் சொல்வது சரி. 1974-இல் அவர்கள் சொந்தச் செலவில் வெளியிட்ட முதல் தட்டைக் கிளீவ்லாந்தின் டபிள்யூ.எம்.எம்.எஸ். நிலையத்தில் டோனா ஹால்ப்பர் எடுத்து ஒலிக்கவிட்டார். ஏழு நிமிடம் நீளும் 'வொர்க்கிங் மேன்' தொழிற்சாலை நகரமான அவ்வூருக்கு உடனே பிடித்துப்போனது. அதன் பிறகே மெர்க்குரி நிறுவனம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது.

ஆனால் தயாரிப்பாளர்கள் எதுவும் பெறவில்லை என்ற முடிவை நான் ஏற்கமாட்டேன். ஃபேர்பேர்ன் பான் ஜோவியிடம் வெறுங்கையோடு போகவில்லை. அதற்கு முன் 1977 முதல் 'பிரிசம்' குழுவுக்கும், 1980-இல் 'லவர்பாய்' குழுவுக்கும் அவர் இசைத்தட்டுகள் தயாரித்திருந்தார். உள்ளூர் நிலையங்கள் கனடியப் பாடல்களைத் தேடிய காலம் அது என்பதால்தான் அத்தகைய புதிய குழுக்களுக்கு நிறுவனங்கள் துணிந்து பணம் போட்டன. அந்தப் பணத்தில்தான் வான்கூவரின் கூடமும், அங்கே கைதேர்ந்த ஒலிப்பொறியாளர்களும் வளர்ந்தனர். விதி தயாரிப்பாளரைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் அவருக்குத் தொழில் பழகும் களத்தை அமைத்துக் கொடுத்தது. எஸ்ரின் கதை வேறு: அவர் ரொறன்ரோவில் ரிச்சர்ட்சனிடம் தொழில் பயின்றவர், அங்கிருந்தே, 1971-இல் வெளியான அமெரிக்க ராக் குழு ஆலிஸ் கூப்பரின் தட்டுக்குச் சென்றார்.

ஐயம் இருந்தால் லவர்பாயின் முதல் தட்டையும் 'ஸ்லிப்பரி வென் வெட்'டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இரண்டிலும் தயாரிப்பாளர் ஃபேர்பேர்ன், ஒலிப்பொறியாளர் பாப் ராக். முன்னது ஒதுக்கீட்டில் இடம்பெறும், பின்னது இடம்பெறாது.