டார்ட்மூர் கோல்டு நடை: உதவியாளர் குழு

வியாழன்

நிரஞ்சன்: வணக்கம். கலா அக்கா என்னைக் குழுவில சேர்த்துவிட்டாங்க. இங்கிலாந்து டார்ட்மூர் மேட்டுநிலத்துல ஆகஸ்ட் மாசம் நடக்கிற டி ஆஃப் ஈ (டியூக் ஆஃப் எடின்பரோ இளைஞர் விருது) கோல்டு நிலை நடைக்கு உதவி மேற்பார்வையாளரா வர்றேன். ஏழு பசங்க, நாலு நாள், மூணு ராத்திரி. அவங்களுக்கு ஒரு ஐம்பது மீட்டர் பின்னாடியே நடந்து வந்தா போதும்ல?

கலா அக்கா: வாங்க நிரஞ்சன். அதைத்தான் செய்யக் கூடாது 😄 டி ஆஃப் ஈ தகுதி நடையில பசங்க பெரியவங்க துணையில்லாம போகணும், அதுதான் அடிப்படை விதி. கூட நடக்கிறதெல்லாம் பயிற்சி நடையோட சரி. அங்கேயும் முதல் நாள் பக்கத்துல, அப்புறம் 200 மீட்டர் பின்னாடி, அப்புறம் கண்ணுல படாத தூரம், கடைசியா குறிச்ச இடத்துல மட்டும் சந்திப்பு.

சிவா அண்ணை: ஐம்பது மீட்டர் பின்னால ஆள் வந்தால் பிள்ளையள் வரைபடம் பாக்க மாட்டினம், உங்கட முகத்தைத்தான் பாப்பினம். சந்தியில நிண்டு திரும்பிப் பாத்து, நீங்கள் எந்தப் பக்கம் கண்ணைத் திருப்புறியளோ அந்தப் பக்கம் நடப்பினம்.

நிரஞ்சன்: அப்போ நான் எங்க இருக்கணும்?

சிவா அண்ணை: அவையள் பிழை விடக்கூடிய இடத்தைத் தாண்டி. முந்தி நிண்டால் வழிகாட்டிப் பலகை ஆயிடுவியள். வழி அட்டையை, அதாவது பிள்ளையள் தங்கட வழி, தூரம், நேரம் எழுதுற தாளை, முதல் நாள் இரவே எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலயும் எங்க பிழைக்கும் எண்டு பென்சிலால வட்டம் போடுங்கோ. முதல் வட்டம் எப்பவும் புறப்படுற இடந்தான். கார் பார்க்கில இருந்து வெளிய வாற முதல் 500 மீட்டரில 180 டிகிரி பிழைச்சு எதிர்ப்பக்கம் போற குழுக்கள் கன. வரைபடத்தைத் திசைக்குத் திருப்பாமல் எழுத்து வாசிக்கிற மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நடக்கிறதுதான் காரணம்.

கலா அக்கா: தப்பாப் போனாலும் உடனே கூப்பிடாதீங்க. அரை கிலோமீட்டர் வரை விடலாம், பெரும்பாலும் அவங்களே கண்டுபிடிச்சிருவாங்க. ஆனா அந்தத் தப்பு வழி பெரிய ரோட்டுக்கோ, சதுப்புக்கோ, துப்பாக்கிச் சுடுதளத்துக்கோ போகுதுன்னா அங்கேயே நிறுத்தணும். "வழி தப்பிட்டீங்க"ன்னு சொல்ல வேண்டாம். "இப்ப எங்க இருக்கீங்க, வரைபடத்துல காட்டுங்க"ன்னு மட்டும் கேளுங்க.

நிரஞ்சன்: சுடுதளமா??

கலா அக்கா: வட டார்ட்மூர்ல ஒக்ஹாம்டன், மெரிவேல், வில்ஸ்வர்த்தின்னு ராணுவத்தோட மூணு சுடுதளம் இருக்கு. சுடுற நாள், நேரமெல்லாம் அரசாங்க இணையதளத்துல முன்கூட்டியே போடுவாங்க. பகல்ல சிவப்புக் கொடி, ராத்திரி சிவப்பு விளக்கு. வழியை முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை, புறப்படுற காலையில ஒரு தடவை பாக்கணும். தரையில எந்த உலோகத் துண்டு கிடந்தாலும் தொடக் கூடாது, எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க.

ஹரிஷ்: நிரஞ்சன், காகித வேலையை முதல்ல முடிங்க. டிபிஎஸ் சோதனைல (குற்றப் பதிவு இருக்கான்னு பாக்குறது) இங்க இருக்கிற பதிவு மட்டும்தான் வரும். வெளிநாட்டுல இருந்த காலத்துக்கு அந்த நாட்டு போலீஸ் சான்றிதழ் கேக்கலாம், அது வர நாளாகும். ஸ்கில்ட் வொர்க்கர் விசால தன்னார்வ வேலை பண்ணலாம். மாணவர் விசான்னா பல்கலைக்கழகத்துல கேட்டுக்கணும், ஏன்னா சம்பளமில்லாத வேலையும் வார மணிக்கணக்குல சேரலாம்.

நிரஞ்சன்: ஸ்கில்ட் வொர்க்கர்தான். மினிபஸ் ஓட்டச் சொன்னாங்க, இந்திய லைசன்ஸ் இருக்கு.

ஹரிஷ்: ஓட்டாதீங்க. இந்திய லைசன்ஸ் இங்க குடியேறின நாள்லருந்து 12 மாசம்தான் செல்லும், மாத்தித் தர மாட்டாங்க, இங்கயே தேர்வு எழுதணும். தேர்ச்சி ஆனாலும் கார் லைசன்ஸ்ல மினிபஸ் வகையான டி1 வராது. 1997 ஜனவரி 1-க்கு முன்னாடி கார் தேர்வு பாஸ் ஆனவங்களுக்குத்தான் அது தானா கிடைச்சது. தன்னார்வலர்களுக்கு ஒரு விலக்கு இருக்கு: 21 வயசு, ரெண்டு வருஷம் லைசன்ஸ், வண்டி 3.5 டன்னுக்குள்ள, டிரெய்லர் கூடாது, கூலி கூடாது. காப்பீடு தனி. அதுல உங்க பேர் இல்லன்னா மத்தது எதுவும் உதவாது.

வெள்ளி

நிரஞ்சன்: பசங்க போட்ட வழி அட்டை வந்துருச்சு. ரெண்டாவது நாள் 16 கிமீ, ஏற்றம் 400 மீட்டர். 4 மணி நேரம்னு எழுதியிருக்காங்க. சரியா?

சிவா அண்ணை: அது நெய்ஸ்மித் 1892-ல சொன்ன கணக்கு. மணிக்கு 5 கிமீ, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. திடமான பெரியவைக்குச் சரி. பாரம் தூக்கின பிள்ளையள், பாதையில்லாத புல்மேடு எண்டால் மணிக்கு 3 கிமீ போடுங்கோ. 16-க்கு 5 மணி 20 நிமிடம். ஏற்றத்துக்கு 10 மீட்டருக்கு ஒரு நிமிடம், 40 நிமிடம். மொத்தம் 6 மணி. ஓய்வு, சாப்பாடு ஒரு மணி. 7 மணி நேரம்! 9 மணிக்கு வெளிக்கிட்டால் 4 மணிக்குத்தான் கூடாரம். கோல்டுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 8 மணி நேரச் செயல்பாடு வேணும், அதில பாதியாவது நடை. அந்தக் கணக்குக்கு இது பிரச்சினையில்லை, ஆனால் 4 மணி நேரந்தான் எண்டு நம்பி வெளிக்கிட்டால் மத்தியானமே மனம் சோர்ந்திடும்.

சிவா அண்ணை: இன்னொண்டு. டார்ட்மூரின்ர எக்ஸ்புளோரர் ஓஎல்28 வரைபடத் தாளில கறுப்புப் புள்ளிக் கோடு சிலதைப் பாதை எண்டு எடுத்திருக்கினம் போல. அது பாரிஷ் (ஊராட்சி) எல்லை, நிலத்தில ஒண்டும் இராது. பச்சைக் கோடுதான் நடக்க உரிமையுள்ள பாதை. மேட்டு நிலத்தில உரிமை பரவலா இருக்கு, ஆனால் பாதை இராது. கோட்டைத் தேடி நடக்காமல் சுவர், ஓடை, லீட் வாய்க்கால் மாதிரி கையைப் பிடிச்சுக்கொண்டு போற அடையாளத்தை எடுக்கச் சொல்லுங்கோ. டெவன்போர்ட் லீட் நல்ல உதாரணம், உயரம் பெரிசா மாறாமல் வளைஞ்சு போகும், மூடுபனியிலயும் விட்டுப்போகாது. டார் எண்டு சொல்ற மேட்டு உச்சிப் பாறை அப்பிடியில்லை, பனியில எல்லா டாரும் ஒரே மாதிரித்தான்.

நிரஞ்சன்: காம்பஸ்ல திருத்தம் கூட்டணுமா? பழைய பயிற்சித் தாள்ல சில டிகிரி கூட்டச் சொல்லிருக்கு.

சிவா அண்ணை: வேண்டாம். காந்த வடக்கு நகர்ந்துகொண்டே வந்து, 2022 நவம்பரில டோர்செட் கரையில லாங்டன் மாட்ராவர்ஸ் ஊரில மூண்டு வடக்கும் (காந்த வடக்கு, உண்மை வடக்கு, வரைபடக் கட்ட வடக்கு) ஒரே கோட்டில வந்தது. இப்ப டார்ட்மூரில வித்தியாசம் ஒண்டிரண்டு டிகிரிக்குள்ளதான். தேவையில்லாமல் 5 டிகிரி கூட்டினால் ஒரு கிமீ போகேக்க 87 மீட்டர் விலகும். அதைவிடப் பெரிய ஆபத்து கைத்தொலைபேசி. காம்பஸும் போனும் ஒரே பையில கிடந்தால் ஊசி தலைகீழாக் காந்தமேறலாம், சிவப்பு தெற்கைக் காட்டும். காலமை எல்லாக் காம்பஸையும் ஒரு மீட்டர் இடைவெளியில வைச்சுப் பாத்தால் எது பொய் சொல்லுது எண்டு தெரியும்.

மீனா: போன் பத்தி: அணைச்சு, நீர் புகாத பையில, அவசரத்துக்கு மட்டும். புறப்படுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் "ரெஜிஸ்டர்"னு ஆங்கிலத்துல 999-க்கு (அவசர உதவி எண்) எஸ்எம்எஸ் அனுப்பி, பதிலுக்கு "யெஸ்" அடிக்கணும். அப்புறம் பேச முடியாத மோசமான சிக்னல்லயும் எஸ்எம்எஸ் மூலமா உதவி கேக்கலாம். 999-ல போலீஸைக் கேட்டு, அவங்ககிட்ட மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) கேக்கணும். எடுத்தவுடனே எஸ்எக்ஸ்னு ஆரம்பிக்கிற ஆறு இலக்க வரைபட இடக்குறி சொல்லணும். விசில்னா நிமிஷத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிஷம் நிறுத்தி மறுபடி. பதில் மூணு ஊதல்.

நிரஞ்சன்: டிராக்கர் குடுத்தா போதாதா?

கலா அக்கா: குடுக்கிறோம். ஆனா திரையில தெரியற புள்ளி கடைசியா சிக்னல் கிடைச்ச இடம். நகராம நின்னா அது மதிய சாப்பாடா, கால் உடைஞ்சதான்னு சொல்லாது. அதனால தாமதத்துக்கு முன்னாடியே ஒப்பந்தம் வேணும். சந்திப்பு நேரத்துக்கு 45 நிமிஷம் தாண்டினா ஒருத்தர் அந்த இடத்துல இருந்து அவங்க வர்ற வழியில எதிர் நடக்கணும், இன்னொருத்தர் முந்தின சந்திப்புக்குக் காரில போகணும், மூணாவது ஆள் போன் பக்கத்துல. யாரும் யாரையும் கேக்காம கிளம்பக் கூடாது. பனி, மழை, இருட்டுன்னா இந்த 45-ஐ 20 ஆக்குங்க. மீட்புக் குழுவைச் சீக்கிரம் கூப்பிட்டுட்டு அப்புறம் வேண்டாம்னு சொன்னா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. டார்ட்மூரைச் சுத்தி நாலு குழு, எல்லாரும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள், உங்ககிட்டயும் காசு கேக்க மாட்டாங்க.

சிவா அண்ணை: ஓடையளைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேணும். மேட்டில கரிநிலம் நீரில ஊறி நிக்கும், மழை பெய்ய ஓடை ஒரு மணியிலயே பொங்கும். 2007 மார்ச்சில பயிற்சி நடையில வந்த 14 வயசுப் பிள்ளை வாலா புரூக்கில அள்ளுப்பட்டு இறந்தது. சாதாரண நாளில தாண்டிப் போற சின்ன ஓடை அது. வழி அட்டையில ஒவ்வொரு ஓடைக்கும் பாலம் எழுதப்பட்டிருக்க வேணும். மிதிகல்லு மட்டும் இருந்தால், தண்ணி கல்லை மூடினால் எந்தப் பக்கத்தால சுத்துறது எண்டும் எழுத வேணும். "பாத்துக் கடக்கலாம்" எண்டு எழுதியிருந்தால் அட்டையைத் திருப்பிக் குடுங்கோ.

சனி

ஹரிஷ்: சாமான். 52 கிலோ பிள்ளைக்குப் பை 13 கிலோவுக்கு மேல வேண்டாம், உடல் எடைல கால்வாசிதான் மேல் வரம்பு. அடுத்த கூட்டத்துக்குத் தராசு கொண்டு வர்றேன். ஜீன்ஸ், காட்டன் டீஷர்ட், முழு ஷாம்பு பாட்டில் எல்லாம் அங்கேயே வெளிய வரும். பைக்குள்ள கனமான பிளாஸ்டிக் உறை ஒண்ணு, அதுக்குள்ள தூங்குற பை. மழை உறையை நம்பாதீங்க, காத்து கழட்டிரும்.

ஹரிஷ்: அடுப்பு டிராங்கியா 25, மூணு பேருக்கு ஒண்ணு. எரிபொருள் மெத்திலேட்டட் ஸ்பிரிட், ஒரு அடுப்புக்கு 4 நாளைக்கு ஒரு லிட்டர். கவனிங்க: அந்தச் சுடர் வெயில்ல கண்ணுக்குத் தெரியாது. அணைஞ்சுருச்சுன்னு நினைச்சு மறுபடி ஊத்தும்போதுதான் நெருப்பு பாட்டில்ல ஏறி விபத்து நடக்குது. பர்னரை மூணுல ரெண்டு பங்கு மட்டும் நிரப்பணும். தீர்ந்துட்டா கைல தொட்டுப் பாக்குற அளவு ஆறணும், அதுக்கப்புறம் தனியாத் தூக்கிட்டுப் போய் நிரப்பி, பாட்டிலை மூடி தூர வச்சுட்டு வரணும். அணைக்கிறதுக்கு வளைய மூடி. ரப்பர் வளையம் இருக்கிற திருகு மூடியைச் சூடா இருக்கும்போது போட்டா ரப்பர் உருகி, அடுத்த நாள் பை முழுக்க ஸ்பிரிட் வாடை. கூடாரத்துக்குள்ளேயும் வாசல் மறைப்புலயும் சமைக்கவே கூடாது. தீ ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு ஒரு பக்கம், அதுக்கு வாசனையும் கிடையாது.

நிரஞ்சன்: சாப்பாடு பசங்களே முடிவு பண்றாங்களா?

ஹரிஷ்: ஆமா. ஒரு நாளைக்கு ஒரு நல்ல சூடான சாப்பாடு கட்டாயம். கூஸ்கூஸ், நூடுல்ஸ், ஓட்ஸ் சீக்கிரம் ஆகும். 20 நிமிஷம் கொதிக்கிற அரிசியைக் கொண்டு வந்தா எரிபொருள் ரெண்டாவது நாளே காலி. வாங்குற முன்னாடி அதே அடுப்புல ஒரு தடவை சமைச்சுக் காட்டச் சொல்லுங்க.

மீனா: என் பக்கம். எபிபென் (கடுமையான ஒவ்வாமைக்கு உடனே போடுற ஊசி) இருக்கிற பிள்ளை எப்பவும் ரெண்டு வச்சிருக்கணும். அது எந்தப் பாக்கெட்டுன்னு ஏழு பேருக்கும் தெரியணும். ஆஸ்துமா இன்ஹேலரும் அப்படியே, பை அடில இல்ல. மருத்துவப் படிவத்தைப் பெற்றோர் நிரப்புறாங்க, ஆனா 16 வயசுப் பிள்ளை வீட்டுல சொல்லாத விஷயமும் இருக்கும். தனியா ஒருமுறை கேளுங்க. மாதவிடாய்ப் பொருட்கள் குழுவோட முதலுதவிப் பைலயே இருக்கட்டும், கேக்க வேண்டிய தேவையே வராம.

மீனா: குளிர்ல உளறல், தடுமாறல், பித்தான் போட முடியாம விரல் தடவறது, "நான் நல்லா இருக்கேன்"னு எரிஞ்சு விழறது எல்லாம் ஹைப்போதெர்மியாவோட (உடல் சூடு ஆபத்தா குறையறது) ஆரம்பம். ஆகஸ்ட்லயும் வரும், மழையும் காத்தும் சேந்தா போதும். நடுக்கம் நின்னுபோனா அது குணம் ஆகலை, மோசமாகுது. குழுவுக்கு ஒரு காப்புறை (காத்து, மழையில உள்ள உக்காந்துக்கிற பெரிய பை) கட்டாயம்: உள்ள உக்கார வச்சு, அடியில பாய் போட்டு, ஈரத்துணி மாத்தி, தூங்குற பை, இனிப்பு. தேய்க்கக் கூடாது. குழுவுல ஒரு ஆள் குறையுமேன்னு அவங்களை நடக்க வைக்கவும் கூடாது.

நிரஞ்சன்: ஒருத்தர் விலகினா மீதிப் பேர் தொடரலாமா?

கலா அக்கா: குழு 4-ல இருந்து 7 பேர் வரைக்கும் இருக்கலாம். ஏழுல ஒருத்தர் போனா ஆறு, பிரச்சினை இல்ல. நாலு பேர் குழுவுல ஒருத்தர் போனா உடனே மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டுப் பேசணும், நீங்களா முடிவெடுக்க வேண்டாம். அதனாலதான் ஏழு பேர் குழுவை ரெண்டாப் பிரிக்கலாமான்னு யாராவது கேட்டா கூடாதுன்னு சொல்றது, ஒரு பக்கம் மூணு பேர்தான் இருப்பாங்க.

சிவா அண்ணை: திறந்த மேட்டில கூடாரம் போடுறதுக்கு 1985 டார்ட்மூர் காமன்ஸ் சட்டப்படி உரிமை இருக்கு எண்டு 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கு. எண்டாலும் எல்லா இடத்திலயும் இல்லை, தேசியப் பூங்கா ஆணையத்தின்ர வரைபடத்தில நிறம் போட்ட இடத்தில மட்டுந்தான். இங்கிலாந்தின்ர மற்ற இடங்களில நிலச் சொந்தக்காரரின்ர அனுமதி வேணும். மலம் கழிக்க ஓடையில இருந்து 30 மீட்டர் தள்ளி 15 செமீ குழி, காகிதம் பையில திரும்பி வர வேணும்.

மீனா: உண்ணி: ராத்திரி முழங்கால் பின்னாடி, இடுப்புப் பட்டை பாக்கணும். இடுக்கியால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழுக்கணும். எண்ணெய், நெருப்பு வேண்டாம். தேதியை எழுதி வைங்க, சில வாரம் கழிச்சு வட்டமா சிவந்தா டாக்டர்கிட்ட காட்டணும்.

நிரஞ்சன்: மாடு? நிறைய திரியுதாமே.

சிவா அண்ணை: கன்றோட நிக்கிற பசுவுக்கும் கன்றுக்கும் நடுவால போகக் கூடாது, சுத்திப் போக வேணும். அதுக்காக 200 மீட்டர் விலகினாலும் வழி பிழைச்சதாக் கணக்கில்லை, அதைப் பிள்ளையளுக்கு முன்னமே சொல்லி வையுங்கோ. இல்லாட்டி அட்டையில கிடக்கிற கோட்டை விட மாட்டினம்.

கலா அக்கா: நிரஞ்சன், நாளைக்குள்ள ரெண்டு அனுப்புங்க: டிபிஎஸ் எண், உங்க முதலுதவிச் சான்றிதழ் முடியிற தேதி. வழி அட்டையைப் பசங்ககிட்டயே திருத்தக் குடுங்க. நேரம் எங்க இடிக்குதுன்னு மட்டும் குறிச்சுக் குடுத்தா போதும், விடையை எழுதாதீங்க.

நிரஞ்சன்: சரிக்கா. ரெண்டாம் நாள் மூணாவது கட்டத்துல பாலமே எழுதலை, அதையும் குறிச்சிடறேன்.

சிவா அண்ணை: ஓம், அதை முதல் குறியுங்கோ.