ஆர் மொழியில் ஒற்றை எண் வந்தால் மாறிப்போகும் ஃபங்ஷன்கள்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியில் டேட்டாவைக் குழு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலிருந்தும் சாம்பிள் (sample) ஃபங்ஷனுக்குக் குழுவின் நீளத்தையே அளவாகக் கொடுத்து மறுமாதிரி (அதே மதிப்புகளிலிருந்து குலுக்கல் முறையில் மீண்டும் தேர்வு) எடுக்கிறேன். ஒரு குழுவில் 12 என்ற ஒரே மதிப்பு மட்டும் இருந்தால், திரும்பி வர வேண்டியது 12தான், ஆனால் வருவது 1 முதல் 12 வரை ஏதோ ஓர் எண். பிழைச்செய்தி இல்லை, எச்சரிக்கையும் இல்லை, விடையின் நீளமும் சரியாகவே இருக்கும், அதனால் சராசரி போட்டுப் பார்க்கும்வரை யாருக்கும் சந்தேகமே வராது. மதிப்பு 0.4 போல ஒன்றுக்குக் கீழே இருந்தால் ஒழுங்காக வேலை செய்கிறது, இதுதான் இன்னும் ஆபத்து, ஏனென்றால் சின்ன எண்களை வைத்துச் சோதித்தால் எல்லாம் பாஸ் ஆகிவிடும்.

ஒற்றை எண்ணை ‘1 முதல் அந்த எண் வரை’ என்று எடுத்துக்கொள்ளும் இது பக் இல்லை, உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இட எண்களை மட்டும் குலுக்கித் தரும் சாம்பிள்.இன்ட்டுக்கு (sample.int) நீளத்தைக் கொடுத்து, வரும் இடங்களை வைத்து மதிப்புகளை எடுப்பதுதான் அங்கே சொல்லும் வழி. அது சரி, என் நிரலில் அந்த வரியை மாற்றியாயிற்று. மூலைவிட்ட அணி தரும் டயக் (diag), எண் வரிசை தரும் சீக் (seq) இரண்டும் ஒற்றை எண்ணை இப்படித்தான் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்கின்றன. காலி வெக்டார் (மதிப்பே இல்லாத வரிசை) வந்தால், ஒவ்வோர் உறுப்பின் மேலும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் எஸ்-அப்ளை (sapply) லிஸ்ட்டைத் திருப்பித் தருவது தனிக் கதை, அதற்கு விடையின் வகையை முன்பே சொல்லிவிடும் வி-அப்ளை (vapply) இருக்கிறது.

என் கேள்வி: பேஸ் ஆரில் (கூடுதல் பேக்கேஜ் இல்லாத அடிப்படை ஆரில்) இப்படி நீளம் ஒன்றானால் நடத்தை மாறும் வேறு ஃபங்ஷன்கள் எவை? பழைய நிரல் முழுவதிலும் இவற்றைத் தேடிப் பிடிக்க லின்ட்டர் (நிரலை ஓட்டாமலே தவறுகளைக் காட்டும் கருவி) விதி ஏதாவது வைத்திருந்தால் தயவுசெய்து பகிருங்கள், முடிவுகளை மற்றவர்கள் நம்பிப் பயன்படுத்துகிறார்கள்.