சின்ன வயதில் ரசித்த அழிவுப் படத்தை இப்போது திரும்பப் பார்த்தீர்களா?

லிந்துலைக்காரன்:
போன கிழமை மகனுக்காக 'டான்டேஸ் பீக்' போட்டேன். 1997இல் வந்த எரிமலைப் படம், கதை எல்லாருக்கும் தெரியும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரே ஒரு காம்பராவில்தான் டிவி. பேட்டரியில் ஓடும், டெக் வாடகைக்கு வரும். மலை வெடிக்கும் வரை வருகிற பேச்சையெல்லாம் ஓட்டச் சொல்லிக் கத்துவோம்.

இந்த முறை நான் மாட்டிக்கொண்டது அந்தப் பேச்சுப் பகுதியில்தான். இரவில் குழாயைத் திறக்கிறார்கள், தண்ணீர் பழுப்பாக வருகிறது. மகன் "எப்பப்பா வெடிக்கும்?" என்று நச்சரிக்கிறான். எனக்கோ எங்கள் பீலி, மலைத் தண்ணீர் வந்து விழும் அந்தக் குழாய், ஞாபகம். அடைமழையில் பீலித் தண்ணீர் செம்மண்ணாக வந்தால், அப்பாயி நிரம்பிய குடத்தை அப்படியே கவிழ்த்துவிட்டு, தலையில் மழைக்குப் போடும் கொங்காணியோடு மேலே மலையைப் பார்த்தபடி நிற்பார். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.

படத்தில் ஒரு பாட்டி வீட்டை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடிப்பாரே, அவரை அப்போது "கிழவியால்தான் எல்லாக் கஷ்டமும்" என்று திட்டித் தீர்த்தோம். இப்போது திட்ட வாய் வரவில்லை. எங்கள் அப்பாயியும் இறங்காத ஆள்தான்.

கொஸ்லந்தைப் பிள்ளை:
மீரியபெத்தைக்குப் பக்கத்துத் தோட்டம் நாங்கள். 2014 அக்டோபர் 29இல் அங்கே நடந்த மண்சரிவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் இந்த வகைப் படமே ஓடுவதில்லை. ஆனால் கொழும்பு பஸ்ஸில் '2012' போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடக் காலத்தில் உயிராய் இருந்த படம். தரை பிளக்கிறது, கார் தப்பித்து ஓடுகிறது, பின்சீட்டுப் பையன்கள் விசில் அடிக்கிறார்கள். பஸ்ஸோ வளைவில் ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருந்த அம்மா ஒன்றும் பேசாமல் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினார். பிள்ளை விலக்க, அவர் மூட... இறங்கும் வரை இதுதான். படம் எப்படி முடிந்தது என்று கவனிக்கவே இல்லை.

பூண்டுலோயா மழை:
லிந்துலைக்காரன், உருக்கமெல்லாம் சரி, ஆனால் படம் காட்டுவது பொய். படம் நடக்கும் அமெரிக்க வடமேற்குப் பக்கத்து எரிமலைகள் 1980இல் வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் மாதிரி. குழம்பு தடிப்பானது, அப்படிக் கஞ்சித் தண்ணீராய் ஓடாது. அதன் மேல் நாயகன் வாகனம் வேறு ஓட்டுகிறார்! ஏரி அமிலம் சில நிமிடத்தில் உலோகப் படகைத் தின்னுமாம், அதையும் நம்பச் சொல்கிறார்கள்.

என் கதை: 'ட்விஸ்டர்', 1996. மாடு பறக்கும் காட்சிக்கு எல்லாரும் சிரித்தார்கள். நாங்கள் மாடு வைத்திருந்த வீடு, எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது பார்த்தாலும் வரவில்லை.

பண்டாரவளை அக்கா:
நானும் அந்த எரிமலைப் படத்தைத் திரும்பப் பார்த்தேன், பாதியில் தூங்கிவிட்டேன். அதை விடுங்கள். தம்பி பீலித் தண்ணீர் என்று எழுதியதால் சொல்கிறேன். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பினாலோ, வந்துகொண்டிருந்த ஊற்று நின்றாலோ அது மண்சரிவின் அறிகுறியாக இருக்கலாம், படம் பார்க்க உட்காராதீர்கள். மேல் சரிவில் நிலம் வெடித்திருக்கிறதா, மரம், மின்கம்பம் சாய்ந்திருக்கிறதா, சுவரில் புது வெடிப்பு உண்டா என்று மழை விட்டிருக்கும் பகலில் பாருங்கள். சும்மா இருந்த கதவு இறுகினாலும் கவனம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தல் வரும். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலே விழிப்பாக இருக்க வேண்டும், 150 தாண்டினால் வெளியேற வேண்டியதுதான். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். வெளியேறிப் பாடசாலையில் தங்கப் போகச் சொன்னால் போங்கள். நகை எடுக்கிறேன், கோழி பிடிக்கிறேன் என்று திரும்பாதீர்கள்.

லிந்துலைக்காரன்:
அக்கா, நான் கேட்டது படத்தைப் பற்றி. பரவாயில்லை, அந்தப் பை விஷயத்தை வீட்டில் சொல்லிவிட்டேன். ஆனால் பாடசாலைக்குப் போனால் மாட்டை எங்கே கட்டுவது? அப்பாயி இறங்காததற்கு அதுதான் காரணம். தோட்டத்தில் யாரும் அதற்குப் பதில் சொன்னதில்லை.

மழை அண்ணே, குழம்பு தடிப்போ தண்ணியோ, மகனுக்குப் பிடித்துவிட்டது. அடுத்து 'டைட்டானிக்' கேட்கிறான். ஒன்பது வயதுக்குக் காட்டலாமா?