கோவை 1997, 1998: நேர்ல பார்த்தவங்க சொல்லுங்க

1998 கோவை குண்டுவெடிப்பு வழக்குல ஆயுள் தண்டனை வாங்கின, அல்-உம்மா அமைப்போட தலைவர் பாஷா 2024 டிசம்பர்ல பரோல்ல இருக்கறப்ப இறந்தார். உக்கடத்துல இறுதி ஊர்வலத்துக்கு அத்தனை கூட்டம். மறுநாள் எங்க ஆபீஸ்ல ரெண்டு பசங்களுக்குள்ள வாக்குவாதம். ஒருத்தன் குண்டு வெடிச்ச 1998 பிப்ரவரி 14-ஐ விட்டு நகரமாட்டேங்கறான், இன்னொருத்தன் கலவரத்துல முஸ்லிம்கள் செத்த 1997 நவம்பர் 30-ஐ விட்டு நகரமாட்டேங்கறான். ரெண்டு பேரும் அப்பப் பொறக்கக்கூட இல்லீங்க. அதனாலதான் கேக்கறேன். கட்சி வேண்டாம், கண்ணுல பட்டதை எழுதுங்க.

ஒப்பணக்கார வீதியில வேலை பார்த்தவர்

பிப்ரவரி 14 அன்னிக்கு சனிக்கிழமை. தேர்தல் நேரம், ஆர்.எஸ்.புரத்துல அத்வானி கூட்டம். நாலு மணி வாக்குல முதல் சத்தம். டிரான்ஸ்பார்மர்னுதான் நெனச்சோம். அப்புறம் ஒவ்வொரு பக்கமா வெடிக்க ஆரம்பிச்சதும் முதலாளி ஷட்டரை இழுத்துட்டார். கார்லயும், டூவீலர்லயும், பழவண்டியிலயும் வெச்சிருந்தாங்கன்னு பின்னாடிதான் தெரியும். 58 பேர் போயிட்டாங்க, 200-க்கு மேல காயம். தலைவருக்கு வெச்ச குறின்னு சொல்றாங்க. பழவண்டிகிட்ட நின்னு பேரம் பேசறவன் எந்தத் தலைவருங்க?

ஜி.எச்.ல நர்ஸா இருந்தவர்

ரெண்டு தடவையும் நான் டியூட்டியில இருந்தேன். அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

நவம்பர் 29 ராத்திரி போலீஸ்காரர் செல்வராஜைக் குத்திக் கொன்னாங்க. மறுநாள் ஊரே பத்திக்கிச்சு. 18 முஸ்லிம்கள் செத்தாங்க, சிலர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல. அதையெல்லாம் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. நான் பார்த்தது எங்க கேட்டை. காயம்பட்டவங்களை ஆட்டோவுல தூக்கிட்டு வர்றாங்க, கேட்ல ஒரு கும்பல் நின்னு யாருன்னு பார்க்குது. ஏற்கெனவே ரத்தம் ஒழுகிட்டு வர்ற ஆளை ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சே அடிச்சாங்க. கொண்டுவந்து விட்டவங்களுக்கும் அடி. உள்ள வந்து சேர்ந்தவங்க "சிஸ்டர், கதவைச் சாத்துங்க"ன்னுதான் முதல்ல கேட்டாங்க, வலிக்கு ஊசி அப்புறந்தான்.

பிப்ரவரியில அதே ஆஸ்பத்திரி வளாகத்துல குண்டு வெடிச்சுது. குண்டு வெச்சவங்க நவம்பருக்குப் பழி தீர்த்தோம்னாங்க. இங்க படுத்துக் கெடந்தவங்கள்ல யாரு நவம்பர்ல கத்தி எடுத்தது? காய்ச்சலுக்கு வந்தவங்க, பிரசவத்துக்கு வந்தவங்க, அவங்களுக்கு டிபன் கொண்டாந்தவங்க.

இன்னொண்ணு. செத்தவங்க பேரை எழுதிப் போட்டப்ப அழுதுகிட்டுத் தேடறவங்களுக்கு நடுவுல ஒரு ஆள் விரல் விட்டு எண்ணிட்டு இருந்தார். "நம்மாளுக எத்தனை?" நவம்பர்லயும் எண்ணினாங்க, பிப்ரவரியிலயும் எண்ணினாங்க. ஆளுகதான் வேற. என்னை இன்னிக்கும் உறுத்தறது அதுதான்.

கோட்டைமேட்டுப் பொண்ணு

நவம்பர்ல அத்தா கடையை எரிச்சாங்க. நஷ்டத்தை விடுங்க, பக்கத்துக் கடைக்காரர் நின்னு பார்த்தாராம், அதைத்தான் அவரால தாங்க முடியல.

பிப்ரவரி முடிஞ்சு கொஞ்ச நாள்ல தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து, "பதில் குடுத்தாச்சு பாய்"ன்னார். அம்மா டீ போட எந்திரிச்சாங்க, அத்தா வேண்டாம்னு தலையாட்டினார். "எனக்காகவா செஞ்சீங்க? நான் கேட்டனா? போயிட்டு வாங்க"ன்னுட்டார். அதோட அவர் எங்க வீட்டுப் படி ஏறல.

அப்புறம் வந்ததெல்லாம் எங்க தலையிலதான் விடிஞ்சுது. தெருமுனையில பல வருஷம் செக்போஸ்ட், ஸ்கூல் பையைக்கூடத் திறந்து காட்டணும். வாடகைக்கு வீடு கேட்டா பேரைக் கேட்டதும் "இப்பத்தான் குடுத்தாச்சும்மா". பிப்ரவரி வழக்குல 2007-ல தீர்ப்பு வந்துச்சு, பாஷாவுக்கு ஆயுள் தண்டனை. சரிதான். அதே வழக்குல மாட்டின கேரளத் தலைவர் மதானி ஒம்பது வருஷத்துக்கு மேல உள்ள இருந்துட்டுக் குற்றமில்லைன்னு வெளிய வந்தார். நவம்பர் வழக்கெல்லாம் என்னாச்சுன்னு உங்க ஆபீஸ்ல யாராச்சும் கேட்டாங்களா?

பெரிய கடை வீதி

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள், விடியறதுக்கு முன்னாடி கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால கார் வெடிச்சுது. ஓட்டிட்டு வந்தவன் மட்டும் செத்தான். எனக்கு நேரா 98-தான் ஞாபகம் வந்துச்சு, இன்னிக்குக் கடை திறக்கலாமா வேண்டாமான்னு. இந்தத் தடவை ஊர் பத்திக்கல. கொஞ்ச நாள்ல ஜமாத்துக்காரங்க கோயிலுக்கே வந்து குருக்கள்கிட்டப் பேசிட்டுப் போனாங்க. 97-ல அப்படிப் பேச ஒருத்தர்கூட இல்லையான்னு தோணுச்சு. இருந்திருப்பாங்க, யாரும் காது குடுத்திருக்க மாட்டாங்க.

இன்னொருத்தர்

நர்ஸம்மா, தப்பா நெனைக்காதீங்க. ரெண்டையும் சேர்த்துச் சொன்னா பிப்ரவரியைக் கொஞ்சம் நியாயப்படுத்தற மாதிரி ஆகாதா?

ஜி.எச்.ல நர்ஸா இருந்தவர்

ஆகாதுங்க. மாசக்கணக்குல திட்டம் போட்டுக் குண்டு வெச்சது வேற, கும்பல் சேர்ந்து வெட்டினது வேற. கோர்ட்டு தனித்தனியாத்தான் பார்க்கணும், பார்க்கட்டும். ஆனா "எவன் முதல்ல ஆரம்பிச்சான்"னு கேட்டு ஒரு பக்கத்துச் சாவைக் குறைச்சுப் பேசினா நான் அந்த இடத்துல உக்கார மாட்டேன். கல்யாண வீட்டுல ஒரு தடவை எங்க சொந்தக்காரரே அப்படிப் பேசினார், பந்தியில பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். இப்பவும் அவர் என்கிட்டப் பேசறதில்ல.