பழைய ஹெச்.எம்.வி. கிராமபோன், மர்பி வால்வு ரேடியோ: என்ன விலை சொல்லலாம்?

மேலத்தெரு:
எல்லாருக்கும் வணக்கம். தேவகோட்டைப் பக்கம் எங்கள் பழைய வீட்டைப் பங்காளிகள் பிரிப்பதாக முடிவாகிவிட்டது, தைக்குள் காலி செய்ய வேண்டும். பரணில் இருந்து தாத்தாவின் கிராமபோன் இறங்கியிருக்கிறது. புனல் வைத்ததில்லை, சூட்கேஸ் மாதிரி மூடும் கறுப்புப் பெட்டி, மூடிக்குள் ஹெச்.எம்.வி. கம்பெனியின் நாய் படம். சாவி கொடுத்தால் தட்டு சுற்றுகிறது, ஆனால் நடுநடுவே உள்ளே 'டொக் டொக்' என்று இடிக்கிறது. கூடவே மரப்பெட்டி மர்பி ரேடியோ ஒன்று, ஒரு திருகுக் குமிழ் இல்லை, பின்பக்க அட்டை இருக்கிறது, அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க வாங்க வேண்டியிருந்த, தபால் ஆபீஸ் முத்திரை குத்திய லைசென்ஸ் புத்தகமும் இருக்கிறது. அப்புறம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டு. காரைக்குடியில் இருந்து ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டு, மொத்தமாக 7,000 தருகிறேன், தட்டெல்லாம் உடைசல், சும்மா எடுத்துக்கொள்கிறேன் என்றார். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனோ எனக்கு அனுப்பிவிடு என்கிறான். நியாயமான விலை என்ன? ரேடியோவை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு விலை சொல்லலாமா?

ஊசிமுனை:
முதலில் என்ன மாடல் என்று பாருங்கள். தட்டு சுற்றும் பலகையிலோ மூடிக்குள்ளோ சின்னதாக ஒரு தகடு இருக்கும், அதில் எண் இருக்கும். 101 என்றால் 1925இல் வந்த வகை, 102 என்றால் 1931இல் தொடங்கி 50கள் வரை ஓடியது, நம் ஊரில் அதிகம் கிடைப்பது 102தான். அடுத்தது சவுண்ட் பாக்ஸ், அதாவது ஊசி செருகும் வட்டமான தலை. அதன் பின்புறம் வெடிப்பு விட்டிருக்கிறதா, ரப்பர் கல்லாகிவிட்டதா என்று பாருங்கள். அந்தக் காலத்து வார்ப்பு உலோகம் வயசானால் தானாகவே உப்பி விரிசல் விடும். சவுண்ட் பாக்ஸ் சரியாக இருந்தாலே பாதி விலை நின்றுவிடும்.

டொக் டொக் பெரிய வியாதி இல்லை. உள்ளே ஸ்பிரிங்கில் கிரீஸ் காய்ந்து சுருள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்து விடுவிப்பதால் வரும் சத்தம். நீங்களே பிரிக்காதீர்கள், ஸ்பிரிங் தெறித்தால் கையைக் கிழித்துவிடும். வீட்டில் யாராவது பாசத்தில் தேங்காய் எண்ணெய் விட்டுவிடப் போகிறார்கள், அதையும் தடுத்து வையுங்கள். பித்தளை பாலிஷ், பெயின்ட் எதுவும் வேண்டாம். அழுக்கோடு விற்றால்தான் வாங்குகிறவனுக்கு நம்பிக்கை வரும்.

வால்வுமாமா:
தம்பி, ரேடியோவை பிளக்கில் செருகவே செருகாதீங்க. பல வருஷம் சும்மா கிடந்த செட்டில் மின்சாரத்தைத் தேக்கும் பேப்பர் கண்டென்சர் எல்லாம் கசியும், நேரே 230 வோல்ட் கொடுத்தால் ஐந்து நிமிஷம் பாடிவிட்டு ஸ்பீக்கரை ஓட்டும் கண்ணாடிக் குழாயான அவுட்புட் வால்வையோ டிரான்ஸ்ஃபார்மரையோ எடுத்துக்கொண்டு போய்விடும். தெரிந்த மெக்கானிக் சீரிஸ் பல்பு போட்டு, அதாவது ஒரு பல்பு வழியாகக் கரண்ட் அளவோடு போகும்படி செய்து, பார்க்கட்டும். அதற்கு முன்னால் பின் அட்டை வழியாக டார்ச் அடித்து வால்வின் மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள். இ.சி.ஹெச்., இ.எல். என்று 'இ'யில் தொடங்கினால் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த செட். யு.சி.ஹெச்., யு.எல். என்று 'யு'வில் தொடங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது, சேஸிஸே, அதாவது உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமே, கரண்டில் இருக்கும். திருகு இல்லை என்றீர்களே, அந்த இரும்புத் தண்டைத் தொட்டால் ஷாக்தான்.

விலைக்கு வருவோம். வால்வு ரேடியோ நம் ஊரில் ஏராளமாக விற்றது, அதனால் அரிய பொருள் என்று யாரும் மயங்க மாட்டார்கள். கண்ணாடி டயல் உடையாமல், எழுத்து அழியாமல் இருக்க வேண்டும், அதை ஈரத்துணியால் துடைத்தால் ஊர்ப்பெயர் எல்லாம் துணியோடு வந்துவிடும். லைசென்ஸ் புத்தகத்தைத் தனியாக யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இந்த வீட்டில் இந்த செட் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி, அரசாங்கம் 80களில் லைசென்ஸையே எடுத்துவிட்டதால் பலர் கிழித்துப் போட்டுவிட்டார்கள். இப்போது காபிக்கடைக்காரர்கள் பெட்டியை வாங்கி உள்ளே புளூடூத் வைக்கிறார்கள், பார்க்கவே வயிறெரியுது, ஆனால் பணம் நன்றாகத் தருகிறார்கள்.

ராஜி_மதுரை:
குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் பளபளவென்று பித்தளைப் புனல் வைத்த ஹெச்.எம்.வி. இருக்கிறது, எண்கோணப் பெட்டி, முன்னால் நாய் படம் பொறித்த பித்தளைத் தகடு. மும்பையில் வாங்கியது. இதுவும் நல்ல விலை போகுமா?

ஊசிமுனை:
அக்கா, சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, நீங்கள் சொல்லும் லட்சணம் எல்லாம் புதிதாகச் செய்து விற்பதற்குப் பொருந்துகிறது. அசல் புனல்கள் பெரும்பாலும் பெயின்ட் அடித்த தகரம், சிலது மரம். நாய் படமும் மரத்தில் ஒட்டிய மெல்லிய அச்சாக இருக்கும், பளபளக்கும் பித்தளைத் தகடாக இருக்காது. வரவேற்பறைக்கு அழகுதான், வைத்துக்கொள்ளுங்கள். இதில் கொடுமை என்னவென்றால், இந்தப் போலிக்குள் இருக்கும் மோட்டாரும் சவுண்ட் பாக்ஸும் பெரும்பாலும் அசல் சூட்கேஸ் பெட்டிகளைப் பிரித்து எடுத்தவை. மேலத்தெரு, உங்கள் பெட்டியை அப்படிப் பிரிக்கப் போகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

பழையதட்டு:
எல்லாரும் பெட்டியையே பேசுகிறீர்கள். 'உடைசல், சும்மா தாருங்கள்' என்று ஒருவர் கேட்கிறார் என்றால் அவர் கண் அந்த இசைத்தட்டுகள் மேல்தான் இருக்கிறது. அந்த டிரங்கைத் திறந்து லேபிள்களைப் படம் எடுங்கள். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் 27 வயதில் இறந்துபோனவர், அவர் குரல் நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் இந்தப் பழைய தட்டில்தான் மிஞ்சியிருக்கிறது. கே.பி. சுந்தராம்பாள், பழைய நாடகப் பாட்டு, நாகஸ்வரம் இதற்கெல்லாம் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பக்கத்துக்காரர், ஏ.வி.எம். ஸ்டுடியோ தொடங்கிய ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரே காரைக்குடியில் தட்டு விற்றுத்தான் தொடங்கினார், பிறகு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் என்ற கம்பெனி லேபிளில் தட்டுகள் வந்தன. அந்த லேபிள் கண்ணில் பட்டால் தனியே எடுத்து வையுங்கள். 50களின் சினிமாப் பாட்டு வண்டி வண்டியாக இருக்கும், அதற்குப் பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம்.

தட்டு அரக்கில் செய்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் கரைந்துவிடும். லேபிள் நனையாமல் தண்ணீர் போதும். படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். வீடியோ எடுக்க நினைத்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போட்டு ஒரு சாதாரணத் தட்டை ஓடவிடுங்கள், கிட்டப்பாவை வேண்டாம்.

சிங்கப்பூர் சங்கதி: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 102 என்றால் இன்னும் நூறு ஆகவில்லை, தொல்லியல் துறையிடம் இது தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்கிக்கொண்டால் சுங்கத்தில் வம்பு இல்லை. ஆரம்ப கால 101 என்றால் வயதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

மேலத்தெரு:
பார்த்துவிட்டேன். தகட்டில் 102 என்று இருக்கிறது, சவுண்ட் பாக்ஸில் வெடிப்பு இல்லை. ரேடியோ வால்வு 'இ'. டிரங்கில் கிட்டப்பா நாலு தட்டு, ஒன்றில் மட்டும் மயிரிழை விரிசல். ஓடியன் சிலது. வியாபாரி மறுபடி போன் செய்து 11,000 என்கிறார், தட்டு உட்பட.

பழையதட்டு:
ஒரே நாளில் நாலாயிரம் ஏறிவிட்டதா, சரி. மூன்றையும் தனித்தனியாகப் பேசுங்கள். அவரும் ரிப்பேர் செய்து, வாடகை கட்டி, விற்கிற வரை காத்திருக்க வேண்டும், அதனால் கடையில் விற்கிற விலையில் பாதி கிடைத்தாலே கிராமபோனைக் கொடுத்துவிடலாம். ஆன்லைனில் போட்டிருக்கும் விலையை நம்பாதீர்கள், கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. ஏல தளங்களில் முடிந்த ஏலத்தைப் பாருங்கள். தட்டுகளை இப்போது கொடுக்க வேண்டாம், லேபிளும் எண்ணும் எழுதி இங்கே போடுங்கள்.

ஊசிமுனை:
யார் வாங்கினாலும் அனுப்பும்முன் ஸ்பிரிங் முழுதாக ஓடி முடியட்டும். சவுண்ட் பாக்ஸைக் கழற்றித் தனியாகப் பொதிந்து வையுங்கள், சாவியை உள்ளே அதன் கிளிப்பில் மாட்டுங்கள். சாவி தொலைந்தால் இன்னொன்று தேடி அலைய வேண்டும்.