ஹேவ்லாக்கில் 16 பேர், 4 இரவு: மளிகையை எங்கே வாங்குவது?

மாடித்தோட்டம் கேட்டது:

ஜனவரி கடைசியில் குடும்பமாக அந்தமான் போகிறோம். பெரியவர்கள் 12, குழந்தைகள் 4. சென்னையிலிருந்து விமானம், அன்று இரவு போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) தங்கல். மறுநாள் காலை தனியார் கப்பலில் ஹேவ்லாக் தீவு (இப்போது ஸ்வராஜ் தீவு). அங்கே 4 இரவு, சமையலறையோடு முழு வீடு எடுத்திருக்கிறோம். இரண்டு பேர் சைவம். பெரியவர்களில் மூவருக்கு வெளிச்சாப்பாடு தொடர்ந்து ஒத்துக்கொள்ளாது.

மளிகையை இங்கிருந்தே கட்டிக்கொண்டு போவதா, அங்கே வாங்கிக்கொள்ளலாமா? எதை எவ்வளவு என்று கணக்கும் தெரிந்தால் நல்லது.

---

தீவுத்தடம் பதில்:

மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: சென்னையில் கட்ட வேண்டியது, போர்ட் பிளேரில் வாங்க வேண்டியது, ஹேவ்லாக்கில் அன்றன்று வாங்க வேண்டியது.

ஹேவ்லாக்கில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளிகள். 3ஆம் நம்பர் கிராமமான கோவிந்த் நகர் கடைத்தெருவில் மளிகையும் அந்த வீடுகளுக்கு ஏற்றபடிதான் இருக்கும். கடுகெண்ணெய், மசூர் பருப்பு, உருளைக்கிழங்கு தாராளம். நல்லெண்ணெய், இட்லி அரிசி, நம் சாம்பார் பொடி, ஃபில்டர் காபித்தூள் இதெல்லாம் அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. தேங்காய், வாழைப்பழம், பூசணி, கீரை தீவிலேயே விளைகிறவை, அதனால் சுமக்க வேண்டாம். வெங்காயமும் தக்காளியும் பெரும்பாலும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலில் வருபவை. போர்ட் பிளேரைத் தாண்டி இன்னொரு கடல் கடந்து ஹேவ்லாக் வருவதால் விலையும் ஏறும், தக்காளி நசுங்கியும் இருக்கும்.

போர்ட் பிளேரில் அந்தக் கவலை இல்லை. அங்கே தமிழர்கள் நிறைய. அபர்தீன் பஜாரில் கடைக்காரரிடம் தமிழிலேயே பேசி வாங்கலாம். அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய், சர்க்கரை, வெங்காயம் என்று கனமானதையெல்லாம் அங்கே வாங்குங்கள். ஒரு இரவு தங்குகிறீர்கள் என்பது உங்களுக்குப் பெரிய வசதி. இறங்கிய அன்றே கப்பல் ஏறுகிறவர்களுக்குக் கடைக்குப் போக நேரமே இருக்காது. அங்கே சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், நம்மூர் நினைப்பில் எட்டு மணிக்குக் கிளம்பாதீர்கள்.

சென்னையிலிருந்து கட்ட வேண்டியது பொடி வகைகள், காபித்தூள், புளிக்காய்ச்சல், ஊறுகாய், அப்பளம், பெருங்காயம். உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் ஒருவருக்கு 15 கிலோ, அதுவும் ஒரே பெட்டி. எல்லா மளிகையையும் ஒரே பெட்டியில் அடைத்தால் அது 25 கிலோவில் நின்று கவுண்டரில் பிரித்துக் கொட்ட வேண்டிவரும். நாலு பேர் பெட்டியில் ஆளுக்கு இரண்டு கிலோ என்று பிரியுங்கள். சாம்பார் பொடியை இரண்டு பெட்டியில் பாதிப்பாதி வையுங்கள், ஒரு பெட்டி தாமதமாக வந்தாலும் சமையல் நிற்காது.

மிளகாய்த்தூளும் ஊறுகாயும் கைப்பையில் வேண்டாம், சோதனையில் எடுத்துவிடுவார்கள். கத்தி, தேங்காய்த் துருவி செக்-இன் பெட்டியில்தான். கொப்பரை இரண்டிலுமே கூடாது. எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் அது தீப்பிடிக்கும் பொருள் பட்டியலில் இருக்கிறது. கேம்பிங் அடுப்புக்கான கேஸ் குப்பியும் அப்படித்தான்.

---

பந்திக்கணக்கு பதில்:

அளவு சொல்கிறேன். முதலில் ஒன்று: மூன்று வேளையும் வீட்டில் சமைக்கத் திட்டமிடாதீர்கள். மதியம் கடற்கரையில் இருப்பீர்கள், அல்லது எலிஃபண்ட் பீச்சுக்குப் படகில் போயிருப்பீர்கள். காலையும் இரவும் வீட்டில், மதியம் ஒரு நாள் கட்டுசாதம், மற்ற நாள் வெளியே. இதை வைத்துத்தான் கீழே உள்ள கணக்கு.

அரிசி: இரவுக்குப் பெரியவருக்கு 100 கிராம், குழந்தைக்கு 50. ஒரு வேளைக்கு 1.4 கிலோ. மூன்று இரவு சோறு, ஒரு இரவு சப்பாத்தி. கட்டுசாதத்துக்கு 1.5 கிலோ சேர்த்தால் 6 கிலோ போதும். பத்து கிலோ மூட்டை வாங்கினால் நாலு கிலோவை அங்கேயே விட்டுவிட்டு வருவீர்கள்.

புளியோதரைக்கு 1.5 கிலோ அரிசிக்கு அரை கிலோ புளிக்காய்ச்சல். நல்லெண்ணெய் மேலே ஒரு விரற்கடை நிற்கும்படி கெட்டியாகக் காய்ச்சியிருந்தால் அந்த வெயிலிலும் கெடாது. வேர்க்கடலையைத் தனியாக எடுத்துப்போய் கலக்கும்போது போடுங்கள், முன்னாலேயே போட்டால் நமுத்துவிடும்.

துவரம் பருப்பு ஒரு சாம்பாருக்கு 400 கிராம், இரண்டு முறைக்கு 800. சப்பாத்திக்குப் பருப்புக் கூட்டு என்றால் இன்னும் 300. கோதுமை மாவு ஒன்றரை கிலோ, 55 சப்பாத்தி வரும். ரவை உப்புமாவுக்கு ஒரு வேளைக்கு 1.1 கிலோ. வெங்காயம் 5 கிலோ, தக்காளி 4 கிலோ. தக்காளியைப் பாதி செங்காயாக வாங்கி அட்டைப்பெட்டியில் காம்பு கீழே இருக்கும்படி அடுக்குங்கள்.

காபிதான் எல்லாரும் கோட்டைவிடுகிற இடம். 12 பேர், நாளைக்கு இரண்டு தடவை, நாலு நாள்: 96 டம்ளர். ஒன்றுக்கு 7 கிராம் வீதம் 700 கிராம் தூள். வீட்டு ஃபில்டர் நாலு பேருக்குத்தான் இறங்கும். பெரிய ஃபில்டர் இல்லையென்றால் மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். தினமும் பாக்கெட் பாலைத் தேடி அலைவதைவிட பால்பவுடர் நிச்சயம். எடையில் ஒரு பங்கு பவுடருக்கு எட்டுப் பங்கு தண்ணீர். குழந்தைகளுக்கும் சேர்த்து 1.6 கிலோ ஆகும், 2 கிலோவாக வாங்குங்கள். பவுடரை முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் குழைத்துவிட்டுப் பிறகு மீதி நீரைச் சேர்க்க வேண்டும். கொதிநீரில் நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாகும்.

மீன் விடிந்ததும் வாங்குங்கள். சைவர்கள் போக 14 பேருக்குச் சுத்தம் செய்தது 1.8 கிலோ தேவை. தலை, குடல், செதில் கழிவதால் முழு மீனாக 3 கிலோ. சூரை (டூனா) மீன் என்றால் வாங்கிய வேளையிலேயே சமைத்துவிடுங்கள். வெயிலில் வைத்திருந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் ஊறும், கொதிக்க வைத்தாலும் போகாது, முகம் சிவந்து தடிக்கும். அதனால் பனிக்கட்டியில்லாமல் விற்கிற சூரையைத் தொடவே வேண்டாம்.

---

மாடித்தோட்டம்:

மிகவும் நன்றி. இட்லி மாவு அரைத்து டப்பாவில் எடுத்துப் போனால் முதல் இரண்டு நாள் காலைக்கு ஆகுமே என்று அம்மா சொல்கிறார்கள். செய்யலாமா?

---

பந்திக்கணக்கு:

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்திவிடுங்கள். வீட்டிலிருந்து கிளம்பி ஹேவ்லாக் வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கும்வரை ஒன்றரை நாள். மாவு வழியெல்லாம் பொங்கிக்கொண்டே இருக்கும். மூடியை இறுக்கினால் வாயு சேர்ந்து மூடி தெறிக்கும், தளர்த்தினால் பெட்டிக்குள் வழியும். அப்படியே போய்ச் சேர்ந்தாலும் புளித்துப்போய் தோசைக்குக்கூட ஆகாது.

பதிலாக ரவா இட்லிக்கு வறுத்த ரவை, தாளித்த கடுகு உளுத்தம்பருப்பு முந்திரி எல்லாம் கலந்து ஆறவைத்துப் பொட்டலமாகக் கட்டுங்கள். அங்கே தயிரும் தண்ணீரும் ஊற்றி 20 நிமிடம் ஊறவைத்து, ஊற்றுகிற நேரத்தில் பழஉப்பு (ஈனோ) போட்டால் போதும். பழஉப்பை முன்னாலேயே கலந்துவிட்டால் பொங்கி அடங்கிவிடும், இட்லி கல்லாக வரும்.

---

அடுப்படி பதில்:

மளிகையைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். பாத்திரத்தைக் கேட்டீர்களா? வாடகை வீட்டுச் சமையலறை நாலு பேர் அளவுக்குத்தான் இருக்கும். வீட்டுக்காரரிடம் இப்போதே கேளுங்கள்: குக்கர் எத்தனை லிட்டர், அடுப்பில் எத்தனை பர்னர், மாற்று சிலிண்டர் உண்டா, மிக்ஸி உண்டா. படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

5 லிட்டர் குக்கரில் அரிசியும் தண்ணீரும் சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதால் 700 கிராம் அரிசிக்கு மேல் வேகாது. 1.4 கிலோவை இரண்டு தடவையாக வைத்தால் இரண்டாவது சோறு இறங்குவதற்குள் குழந்தைகள் தூங்கிவிடும். 10 லிட்டர் குக்கர் அங்கே இல்லையென்றால் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அதற்குள்ளேயே பொடி டப்பாக்களை வைத்துவிடலாம், இடமும் வீணாகாது.

குடிதண்ணீர்: குடிக்க ஆளுக்கு 3 லிட்டர், சமையலுக்கு 20 லிட்டர் என்று வைத்தால் நாளைக்கு 68 லிட்டர். 20 லிட்டர் கேன் நாலு. நீங்கள் போய்ச் சேரும் முன்பே இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.

கப்பலில் ஏற்றும் மூட்டைக்கு வரம்பு உண்டு, டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 16 டிக்கெட் இருப்பதால் எடை பெரிய பிரச்சினை ஆகாது. மூட்டையின் வாய்தான் பிரச்சினை. பிளாஸ்டிக் கைப்பைகளில் கட்டினால் ஏற்றி இறக்குவதற்குள் கிழியும், தீவில் அந்தப் பைகளுக்குத் தடையும் இருக்கிறது. தைத்த வாயுள்ள துணிப்பையோ ஜிப் வைத்த பெரிய பையோ கொண்டுபோங்கள்.

பணம் கையில் இருக்கட்டும். மீன்காரரிடமும் காய்கறிக்கடையிலும் யூபிஐ இருந்தாலும் சிக்னல் போய்விட்டால் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். 100, 200 ரூபாய் நோட்டுகளாக மாற்றிவையுங்கள்.

---

தீவுத்தடம்:

இன்னொன்று விட்டுப்போயிற்று. காற்று மோசமானால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், ஜனவரியில் அது குறைவு என்றாலும் நடக்கும். ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் என்ன செய்வது என்று இரண்டு கிலோ அரிசி, அரை கிலோ பருப்பு, ஒரு பாக்கெட் சேமியா மட்டும் தனிப்பையில் கட்டி, கடைசி நாள்வரை பிரிக்காமல் வையுங்கள். பிரிக்க வேண்டிய அவசியம் வராவிட்டால் கிளம்பும்போது வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.