கடலோர மோட்டார் படகுகள் டார்பிடோவைப் பின்புறமாக விட்டது ஏன்?

கேள்வி:
முதல் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் கடலோர மோட்டார் படகுகளைப் பற்றிப் படித்துவருகிறேன். அவை டார்பிடோவை (நீருக்கடியில் தானே ஓடிச்சென்று கப்பலைத் தாக்கும் வெடிகணையை) முன்புறக் குழாயிலிருந்து ஏவாமல், படகின் பின்புறமாக, அதுவும் வால்பகுதி முதலில் நீரில் விழும்படி தள்ளிவிட்டன என்று அறிகிறேன். எதிரியை நோக்கிப் பாயும் படகு தன் ஆயுதத்தைப் பின்னால் போடுவது விந்தையாக இருக்கிறது. இதே படகுகள் கண்ணிவெடிகளை எவ்வாறு இட்டன?

மறுமொழி 1:
இதற்கெல்லாம் மூலகாரணம் எடைதான். கடலில் இடப்பட்ட கண்ணிவெடிகள் நீர்மட்டத்துக்குச் சில அடி கீழே நிற்பதால், நீரில் அதிகம் அமிழாத விரைவுப் படகு அவற்றின் மேலேயே கடந்து, நங்கூரமிட்டு நிற்கும் ஜெர்மன் கப்பல்களைத் தாக்கலாம் என்று இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகத்தைச் சேர்ந்த இளம் அதிகாரிகள் மூவர் முன்மொழிந்தனர். இலகுவகை க்ரூஸர் போர்க்கப்பல்கள் இப்படகைத் தம் பக்கவாட்டில் தொங்கவிட்டுக் கொண்டுசெல்ல வேண்டியிருந்ததால், ஏறக்குறைய நான்கரை டன்னுக்குள் அனைத்தையும் அடக்குமாறு விதிக்கப்பட்டது. தார்னிகிராஃப்ட் நிறுவனம் கட்டிய 40 அடிப் படகு, அடிப்பகுதியில் ஒரு படி வைத்த மர உடலோடு, வேகமெடுத்ததும் முன்பகுதி எழும்பி நீரின்மேல் சறுக்கிச் செல்லும். அந்த முன்பகுதியில் கனமான ஏவுகுழாயைப் பொருத்தினால் படகு எழும்பவே எழும்பாது. ஆகவே 18 அங்குல டார்பிடோ ஒன்றைப் பின்புறத்தில் வாய்க்கால் போன்ற பள்ளத்தில் கிடத்தி, கார்டைட் வெடிமருந்தின் விசையால் இயங்கும் தண்டைக் கொண்டு தள்ளினர்.

மறுமொழி 2:
மேலே உள்ள விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். டார்பிடோவின் தலையும் படகு செல்லும் திசையையே நோக்கியிருப்பதால், படகையே குறிபார்க்கும் கருவியாக வைத்து எதிரியை நோக்கி ஓட்டுவார்கள். டார்பிடோ நீரில் இறங்கித் தன் விசையில் பின்தொடரத் தொடங்கியதும், படகு சட்டென ஒருபுறம் திரும்பி வழிவிட வேண்டும். நின்றுகொண்டோ மெதுவாக ஊர்ந்துகொண்டோ அதை விட்டால் அது படகையே தாக்கிவிடலாம்; அது தற்கொலைக்குச் சமம்.

கண்ணிவெடிகளைப் பொறுத்தவரை, பின்புறம் திறந்திருக்கும் அதே அமைப்பு மிகவும் வசதியானது, ஏனெனில் ஓடிக்கொண்டே ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் நழுவவிடலாம். இப்பணிக்கென்றே 1918-இல் 70 அடிப் படகுகள் வடிவமைக்கப்பட்டன. ஆனால் அவை பெரியவை, வேகம் குறைந்தவை; மூல யோசனையின் கூர்மை அவற்றில் மழுங்கிவிட்டது என்பதே என் கருத்து.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இந்த ஏற்பாடு உண்மையான போரில் பலன் தந்ததா?

மறுமொழி 3:
இரவில் தந்தது. 1917 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஜீபுருக்கே துறைமுகம் அருகே ஜி88 என்ற ஜெர்மன் நாசகாரிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 1919 ஜூன் 17 அன்று பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி அகஸ்டஸ் ஏகர், நான்காம் எண் படகில் ரஷ்யக் கடற்படைத் தளமான க்ரோன்ஸ்டாட் அருகே சோவியத் க்ரூஸரான ஓலெக்கை மூழ்கடித்து விக்டோரியா கிராஸ் என்ற வீர விருதைப் பெற்றார். அத்தாக்குதலின்போது டார்பிடோவைத் தள்ளுவதற்கான கார்டைட் தோட்டா எதிர்பாராமல் முன்கூட்டியே வெடித்துவிட, எதிரிக் கப்பல்களுக்கு நடுவே இருட்டில் காத்திருந்து புதிய தோட்டாவைப் பொருத்த நேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் க்ரோன்ஸ்டாட் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து தாக்கியபோது மூன்று படகுகள் இழக்கப்பட்டன.

பகலில் கதை வேறு. 1918 ஆகஸ்ட் 11 அன்று வடகடலின் ஃப்ரிசியத் தீவுகளுக்கு அருகே ஆறு படகுகளை ஜெர்மன் விமானங்கள் தாக்கின; அவற்றில் ஒன்றுகூடத் தளத்துக்குத் திரும்பவில்லை.